ஆணி ஒன்று, விளம்பரம் ஓராண்டு!
மஞ்சள் பையும் காலண்டரும் வளர்க்கும் வியாபாரம்

ஆகுர்டியில் தமிழர் வீடு எது என்று கண்டுபிடிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை. கதவு திறந்திருந்தால் போதும். எதிர்ச்சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். மேலே முருகன் இருப்பார். அல்லது மகாலட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா மதினா. படத்துக்குக் கீழே ஒரு கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தக் கடை விருதுநகரிலோ விழுப்புரத்திலோ இருக்கலாம். அல்லது இரண்டு தெரு தள்ளி, இட்லி மாவும் அப்பளமும் விற்கும் கடையாக இருக்கலாம்.

காலண்டரை யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். கடைக்காரர் கொடுத்தார், வீட்டுக்காரர் மாட்டினார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் ஆணியில் ஓர் ஆண்டு வியாபாரம் தொங்குகிறது என்றால் மிகையாகாது.

காலண்டர், மஞ்சள் பை, சாவிக்கொத்து, பர்ஸ், பேனா, டயரி, டிபன் பாக்ஸ், குடை என்று அன்றாடம் கையில் புழங்கும் பொருள்களில் கடையின் பெயரைப் பொறித்துக் கொடுப்பது பழைய வழக்கம். பெரிய கம்பெனிகள் இதற்கென்று தனி இலாகா வைத்திருக்கின்றன. சின்னக் கடைக்காரருக்கு இலாகா இல்லை. தன் பணத்தை எண்ணிப் பார்த்துத்தான் அவர் இறங்க வேண்டும். எனவே இந்தக் கலையின் நெளிவு சுளிவுகளை அறிந்து கொள்வது அவருக்கே அதிகம் பயன்படும்.

கணக்குப் பாருங்கள்!

ஸ்டேஷன் வாசலில் கொடுக்கும் நோட்டீசின் ஆயுள் எவ்வளவு? வாங்கியவர் படி இறங்கி முடிப்பதற்குள் அது காலடியில் கிடக்கும். பத்திரிகை விளம்பரத்துக்கு ஒரு நாள் ஆயுள். காலண்டருக்கோ 365 நாள்.

ஒரு வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை காலண்டரைப் பார்ப்பதாக வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 2,920 பார்வை. நூறு வீட்டில் மாட்டினால் 2,92,000. ஒவ்வொரு முறையும் கடையின் பெயரை யாரும் நின்று படிப்பதில்லைதான். படிக்கத் தேவையும் இல்லை. கண் பட்டாலே போதும். பிறகு ஒரு நாள் வீட்டில் பருப்பு தீர்ந்து போகும்போது, எந்தக் கடை என்ற கேள்விக்கு மனத்தில் முதலில் வரும் பெயர் அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நோட்டீஸ் கேட்காமல் வருவது. காலண்டரோ கேட்டு வாங்கப்படுவது. "அண்ணாச்சி, எங்களுக்குக் காலண்டர் இல்லையா?" என்று வாடிக்கைக்காரர் உரிமையோடு கேட்கிறார். விளம்பரத்தை வாங்கிக் கொண்டு போக ஆள் வரிசையில் நிற்பது வேறு எந்த விளம்பரத்துக்கு நடக்கிறது?

செய்தித்தாள்காரரின் யோசனை

இந்த முறையைப் பெரிய தொழிலாக்கிய பெருமை அமெரிக்காவைச் சேரும். ஒகையோ மாநிலத்தில் கோஷாக்டன் என்று ஒரு சிற்றூர். 1880-களில் அங்கே ஜாஸ்பர் மீக் என்பவர் செய்தித்தாள் நடத்தி வந்தார். சிற்றூர்ச் செய்தித்தாளுக்கு நாள் முழுவதும் அச்சு வேலை இருக்காது. இயந்திரம் சும்மா நின்றது.

பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று தெருவில் புத்தகங்களைக் கீழே போட்டதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்ததாகச் சொல்லப்படுகிறது. ஊரிலிருந்த காண்ட்வெல் என்ற செருப்புக் கடைக்காரரிடம் போனார். சாக்குத் துணியில் புத்தகப் பை தைத்து, கடையின் பெயரை அச்சிட்டுத் தருகிறேன். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள் என்றார். கடைக்காரர் சம்மதித்தார். பிள்ளைகள் பையை மாட்டிக் கொண்டு ஊரெல்லாம் நடந்தன. செருப்புக் கடையின் பெயரும் அவற்றோடு நடந்தது.

இதைப் பார்த்து அதே ஊரில் ஹென்றி பீச் என்ற இன்னொரு செய்தித்தாள்காரரும் களத்தில் இறங்கினார். போட்டி முற்றியது. இருவரும் கண்ணில் பட்ட பொருளில் எல்லாம் பெயர் அச்சிடத் தொடங்கினார்கள். அந்தச் சிற்றூர் விளம்பரப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற ஊராகியது.

இதில் பாடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பை தேவைப்பட்டது; அதனால் பை நிலைத்தது. தேவையில்லாத பொருளில் பெயரைப் பொறித்தால் அது பரணுக்குப் போகும். பெயரும் கூடவே போகும்.

மாலவ்லி ஸ்டேஷன் தெரியுமா?

இவ்வளவு தூரம் அமெரிக்காவுக்குப் போவானேன்? காலண்டர் படத்தின் கதையில் முக்கியமான ஓர் அத்தியாயம் ஆகுர்டியிலிருந்து லோக்கல் ரயில் போகும் தூரத்தில்தான் நடந்தது.

ஆகுர்டியில் லோணாவளா லோக்கலில் ஏறினால் தேஹு ரோடு, தளேகாவ், வட்காவ், காம்ஷேத் தாண்டி மாலவ்லி வரும். அதற்கு அடுத்தது லோணாவளா. கார்லா குகைக்கும் பாஜா குகைக்கும் போகிறவர்கள் இறங்கும் சிறிய ஸ்டேஷன் இது. மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

திருவிதாங்கூர் கிளிமானூரில் பிறந்த ஓவியர் ராஜா ரவி வர்மா, 1894-இல் அந்நாளைய பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தனர். அரண்மனைச் சுவரில் மட்டும் இருந்த ஓவியங்களை வண்ணத்தில் அச்சிட்டு, எளியவரும் வாங்கும் விலைக்குக் கொண்டு வருவதே நோக்கம். பம்பாயில் பிளேக் நோய் பரவிய காலம் அது. அச்சகம் 1899-இல் இந்த மாலவ்லிக்கு இடம் பெயர்ந்தது. ஆனால் கடன் நெருக்கியது. சில ஆண்டுகளில் ரவி வர்மா, அச்சகத்தை அங்கே வேலை பார்த்த ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார். 1906-இல் ரவி வர்மா காலமானார். அச்சகம் அதற்குப் பிறகும் பல்லாண்டு நடந்தது. 1972-இல் ஒரு தீ விபத்தில் அழிந்தது.

தாமரையில் நிற்கும் லட்சுமி, வீணை ஏந்திய சரஸ்வதி என்று இன்று எல்லா வீட்டுப் பூஜை அறையிலும் இருக்கும் உருவங்கள் இந்த அச்சகத்தின் வழியாகத்தான் ஏழை வீடுகளுக்கு வந்தன. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சோப்புக் கம்பெனியும் குழந்தைகளுக்கான கிரைப் வாட்டர் கம்பெனியும் ரவி வர்மா படங்களோடு தங்கள் பெயரை அச்சிட்டுக் காலண்டர் வெளியிட்டன. படத்துக்காக வீட்டுக்காரர் காலண்டரை மாட்டினார். படம் இருந்த வரை கம்பெனியின் பெயரும் இருந்தது.

கோவில்பட்டி வரைந்தது, சிவகாசி அச்சிட்டது

மராத்திய மண்ணில் மூட்டிய அடுப்பு, தமிழ்நாட்டில் சமையலானது. அதற்குக் காரணம் கரிசல் பூமியின் இரண்டு ஊர்கள்.

ஒன்று கோவில்பட்டி. சென்னையில் 1898-இல் பிறந்த கொண்டையராஜு, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதும் ஓவியராக ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கினார். நாடகத் திரையில் பழகிய பளிச்சென்ற வண்ணமும், சாமியின் முகத்தில் சாந்தமும் அவருடைய காலண்டர் படங்களில் இறங்கின. சுப்பையா, ராமலிங்கம், மீனாட்சிசுந்தரம் போன்ற சீடர்கள் அவர் வழியில் வரைந்தார்கள். 1976-இல் கொண்டையராஜு மறைந்தார். ஆனால் அவர் எழுதிய முருகனும் மீனாட்சியும் இன்றும் பல வீடுகளில் சட்டத்துக்குள் இருக்கிறார்கள்.

மற்றொன்று சிவகாசி. மழை பொய்த்த பூமியில் பிழைப்பு தேடி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றார்கள். திரும்பி வந்து ஊரில் ஆலை வைத்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிள் அடிக்க அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு காலண்டர் வந்தது, டயரி வந்தது. காற்றில் ஈரம் குறைந்த ஊர் என்பது தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மட்டுமல்ல, காகிதத்துக்கும் மைக்கும் கூட வசதியாக அமைந்தது.

ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக் காலண்டரின் மாதிரி ஆல்பம் வெளியிடுவது சிவகாசியின் வழக்கம். நாடெங்கும் காவிரிக்குப் பொங்கல் வைக்கும் நாளில், சிவகாசிக்குப் புத்தாண்டு தொடங்கி விடுகிறது. ஏஜெண்டுகள் ஆல்பத்தோடு கிளம்புகிறார்கள். கடைக்காரர் படத்தைத் தேர்ந்தெடுக்கிறார், எண்ணிக்கை சொல்கிறார், முன்பணம் கொடுக்கிறார். அவர் கொடுக்கும் நூறு காலண்டர் ஆர்டரில் அச்சகத் தொழிலாளியின் கூலியும் அடங்கியிருக்கிறது. கைப்பேசியிலேயே தேதியும் ராகு காலமும் தெரிகிற இந்தக் காலத்திலும் அந்த ஊர் காலண்டர் அடிப்பதை நிறுத்தவில்லை.

மஞ்சள் பையின் மகிமை

தமிழ்நாட்டில் காலண்டருக்கு அண்ணன் என்று சொல்லத் தக்கது மஞ்சள் பை. ஜவுளிக் கடையில் புடவை எடுத்தால் மஞ்சள் பை. பாத்திரக் கடையில் குத்துவிளக்கு வாங்கினால் மஞ்சள் பை. கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு தாம்பூலப் பை. பையின் மேல் கடையின் பெயரோ, மணமக்கள் பெயரோ இருக்கும்.

வீட்டுக்கு வந்த பை உடனே ஓய்வு பெறுவதில்லை. காய்கறிக் கடைக்குப் போகும். ரேஷனுக்குப் போகும். நிலப்பத்திரத்தைச் சுமந்து கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போகும். கடைசியில் கரித்துணியாகும். அதுவரை கடையின் பெயர் பஸ்ஸிலும் ரயிலிலும் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யும். பிழைப்புத் தேடிப் புனேக்கும் மும்பைக்கும் வந்தவர்களில் பலர் தங்கள் இரண்டு சட்டையையும் ஊர் முகவரி எழுதிய காகிதத்தையும் கொண்டு வந்தது இந்தப் பையில்தான்.

மங்களகரமான இந்த மஞ்சளுக்கும் கெட்ட காலம் வந்தது. கடன் கட்ட முடியாமல் கைதூக்கியவர் கொடுக்கும் திவால் அறிவிப்புக்கு மஞ்சள் கடுதாசி என்று பெயர். மஞ்சள் பையோடு வருகிறவரைப் பட்டிக்காட்டான் என்று பட்டணத்தார் சிரித்தார்கள். பிளாஸ்டிக் பை வந்ததும் மஞ்சள் பை மறைந்தது.

இப்போது காலம் திரும்பியிருக்கிறது. மராட்டிய மாநிலத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலும் பிளாஸ்டிக் தடை வந்தது. 2021 டிசம்பர் 23-ஆம் தேதி தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரம் கூட 2022-இல் வைக்கப்பட்டது. கேலிக்கு ஆளான பை கௌரவம் பெற்றுவிட்டது. கடைக்காரருக்கு இது நல்ல சந்தர்ப்பம். வாடிக்கைக்காரருக்கு எப்படியும் பை வேண்டும். அந்தப் பையில் பெயர் யாருடையது என்பதுதான் கேள்வி.

காலி டப்பா பேசும்

சில கம்பெனிகள் தனியாக எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. அவர்களுடைய காலி டப்பாவே அந்த வேலையைச் செய்துவிடும். 1937-இல் சந்தைக்கு வந்த டால்டாவை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் தகர டப்பாவில் பச்சை மரம். நெய் தீர்ந்ததும் டப்பாவில் அரிசி அளந்தார்கள். துளசி வளர்த்தார்கள். காலைக்கடனுக்குத் தண்ணீர் கொண்டு போனார்கள். வனஸ்பதி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஜனங்கள் அதை 'டால்டா' என்றே சொன்னார்கள். ஆர்லிக்ஸ் பாட்டிலில் ஊறுகாயும், பிஸ்கட் டின்னில் ஊசி நூலும் இருந்த வீடுகள் எத்தனை!

ஊறுகாய், பொடி, முறுக்கு விற்கும் சிறு கடைக்காரரும் இதைக் கவனிக்கலாம். கிழித்து எறியும் உறையில் பெயர் இருந்தால் அது குப்பைக்குப் போகும். கழுவி வைத்துக் கொள்ளத் தக்க டப்பாவில் இருந்தால் அடுக்களை அலமாரியில் நிற்கும்.

ஆகுர்டிக்கு இது ஏன் முக்கியம்?

ஆகுர்டி என்றாலே பஜாஜ் என்று இருந்த காலம் உண்டு. 1972 முதல் சேட்டக் ஸ்கூட்டர் இந்தியக் குடும்பங்களின் கனவாக இருந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். விளம்பரமே தேவைப்படாத சரக்கு அது! அந்த ஆகுர்டி ஆலையிலும் 2007-இல் வாகன உற்பத்தி நின்றது. பிறகு 2020-இல் சேட்டக் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்தது. பெரிய ஆலைக்கே ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பதை இந்த ஊர் கண்ணால் கண்டிருக்கிறது.

ஆலை வேலை நிரந்தரம் இல்லை என்று ஆனபோது சிறு கடை ஒரு பிடிமானம். மாவுக் கடை, டிபன் கடை, தையல் கடை, இஸ்திரிக் கடை என்று தொழில் செய்கிறவருக்கு முதலீடே அவருடைய பெயர்தான். அந்தப் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது மறக்காமல் இருக்க வேண்டும்.

மராட்டியத்தில் 2022-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, சிறிய கடைகளும் பலகையில் மராத்தி எழுத்தைப் பிரதானமாக வைக்க வேண்டும். வேறு மொழி எழுத்து அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இந்த ஊர் வாடிக்கைக்காரருக்கு அதுவே நல்லது. தமிழ் வாடிக்கைக்காரரிடம் தமிழில் பேசுவதற்குப் பையும் காலண்டரும் இருக்கின்றன.

கடைக்காரர் கவனத்துக்கு

காலண்டர் கொடுக்க நினைப்பவர்கள் ஆடி, ஆவணியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தீபாவளி கழிந்த பிறகு யோசித்தால் நல்ல படமும் கிடைக்காது. நல்ல விலையும் கிடைக்காது. ஜனவரி பத்தாம் தேதி கொடுக்கும் காலண்டருக்கு ஆணி இருக்காது. அதற்குள் வேறு ஒருவர் மாட்டியிருப்பார்.

யார் யாருக்கு என்று முதலில் பட்டியல் எழுதுங்கள். நூறு அச்சிட்டு நூற்றியிருபது பேர் கேட்டால் இருபது மனஸ்தாபம். கொடுத்ததைவிட விடுபட்டதுதான் அதிகம் நினைவில் நிற்கும்.

படத்தில் எச்சரிக்கை தேவை. 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் (முறையற்ற பயன்பாட்டுத் தடுப்பு) சட்டப்படி, சத்ரபதி சிவாஜி மகாராஜ், மகாத்மா காந்தி, நேரு, இந்திரா காந்தி, பிரதமர் ஆகியோர் படங்களைச் சரக்குக்கு விளம்பரமாகப் பயன்படுத்தக் கூடாது. காலண்டருக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதில் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டுமே இருக்க வேண்டும்; சரக்கை விளம்பரம் செய்யக் கூடாது. ஆசையாகச் சிவாஜி படம் போட்டு அடியில் கடைப்பெயர் அச்சிடுகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். தேசியக் கொடியும் அப்படியே.

விடுமுறைப் பட்டியலையும் சரிபார்க்க வேண்டும். சிவகாசியில் அச்சாவது தமிழ்நாட்டு விடுமுறை. பொங்கலுக்குச் சிவப்பு எழுத்து வரிசையாக இருக்கும். ஆகுர்டியில் ஆலைச் சங்கு ஊதும். பிப்ரவரி 19 சிவாஜி ஜெயந்தி, குடிபாட்வா, மே 1 மராட்டிய தினம் ஆகியவற்றையும் சேர்க்கச் சொன்னால் காலண்டர் இங்கே உபயோகமாகும். மராத்தி வீடுகளில் 1973-இல் ஜயந்தராவ் சாள்காங்கர் தொடங்கிய 'கால்நிர்ணய்' செல்வாக்கோடு இருப்பது எதனால்? பால் கணக்கு முதல் விரதம் வரை அந்த வீட்டுக்கு வேண்டியது அதில் இருக்கிறது.

ராகு காலம் பார்க்கிறவர்களுக்கும் ஒரு விஷயம். சூரியன் ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறைவதாக வைத்தே பொது அட்டவணை போடுகிறார்கள். சென்னைக்கும் ஆகுர்டிக்கும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய ஆறரைப் பாகை வித்தியாசம். பாகைக்கு 4 நிமிடம் வீதம் இங்கே சூரிய உதயம் சுமார் 26 நிமிடம் தாமதம். குளிர்காலத்தில் இது இன்னும் கொஞ்சம் கூடும், கோடையில் குறையும். உதயத்தை வைத்துக் கணக்கிடும் வழக்கம் உள்ளவர்கள் இதைச் சேர்த்துக் கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் தரமாக இருக்க வேண்டும். எழுதாத பேனாவில் கடையின் பெயர் இருந்தால், எழுதாத ஒவ்வொரு முறையும் அந்தப் பெயருக்கு அர்ச்சனைதான். பையின் காது அறுந்து வெங்காயம் நடுத்தெருவில் உருண்டால், கூடவே உருளுவது கடையின் மானம். நூறு மட்டமான பையைவிட ஐம்பது கெட்டியான பை மேல்.

தாளோடு வரும் தமிழ்

வியாபாரக் கணக்கில் வராத லாபம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆகுர்டியில் வளரும் தமிழ்க் குழந்தைகளில் பலர் பள்ளியில் படிப்பது மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் அவர்களுக்குப் பேச்சாகத்தான் இருக்கிறது, எழுத்தாக இல்லை. காலையில் காலண்டர் தாளை யார் கிழிப்பது என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை நடக்கும். கிழித்த தாளில் ஞாயிறு, திங்கள் இருக்கும். ஆடி, ஆவணி இருக்கும். அடியில் ஒரு பழமொழியோ சமையல் குறிப்போ இருக்கும். அப்பா விரல் வைத்துக் காட்டினால் ஆண்டுக்கு 365 பாடம், செலவில்லாமல்.

கடைக்காரர் தன் பெயரைப் பரப்பத்தான் காலண்டர் கொடுக்கிறார். அதில் தவறில்லை, வியாபாரம் என்றால் அதுதான். ஆனால் அவர் கொடுத்த அட்டையிலிருந்து ஒரு குழந்தை 'வெள்ளி' என்று எழுத்துக் கூட்டிப் படித்தால், அந்தக் கடைக்கு அது பெரிய வரவு. அடுத்த ஆண்டுக்கான படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தேதிக்கு அடியில் இருக்கும் தமிழ் எழுத்து பெரிதாக, பிழையில்லாமல் இருக்கிறதா என்றும் கடைக்காரர்கள் ஒரு கண் பார்த்துக் கொள்வது நல்லது.